ஆற்றுச் சவாரிக்குப் பெயர் கொடுத்தது நான்தான்

உங்கள் சீருடையில் இடது தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது, மேடம். தைத்தவர்மேல் குற்றமில்லை. உங்களுக்கே இடது தோள் கொஞ்சம் தாழ்வு. பாதிப் பேருக்கு அப்படித்தான், கூடவே குடியிருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தோரு வருடமாகத் துணி திருத்தித் தைக்கிறேன்.

கதவைச் சாத்த வேண்டாம். எங்கும் ஓடப்போவதில்லை. நானாகத்தானே வந்தேன்.

எங்கள் குடியிருப்பு நான்கு மாடி, பதினாறு வீடு, ஒரே ஒரு லிஃப்ட். என் வீடு தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே. முன்னறையில் தையல் மெஷின். காலையில் திறக்கிற கதவை இருட்டிய பிறகுதான் சாத்துவேன். காற்றுக்காக என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காற்றும் வரும்.

என்னை வம்புக்காரி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முதல் மாடி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பாள். அவள் காதில் விழாமல் எங்கள் குடியிருப்பில் ஒரு செய்தியும் படியேறியதில்லை என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். நான் இல்லாததை ஒருநாளும் சொன்னதில்லை. பேண்ட் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்தால் வீட்டில் நல்ல காலம். பிடிக்கச் சொல்லி வந்தால் கவலை, அல்லது காதல். ஒரே சட்டையின் ஒரே பொத்தான் மூன்று முறை அறுந்து வந்தால் அந்தச் சட்டையை யாரோ பிடித்து உலுக்குகிறார்கள். இதெல்லாம் துணி சொல்வது. அதை நான் இரண்டு பேரிடம் சொல்வேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாடியில் அவர்கள் இருந்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பெரிய உருவம், பெரிய கை, பேச்சு மட்டும் கிடையாது.

"என்ன தம்பி, லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"ம்."

"நாளைக்கும் ஓடுமா?"

"ம்."

இந்த மனிதரோடு இவள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று எனக்கு வெகுநாளாகக் கவலை. அவளானால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். "அக்கா, உங்க கண்ணுக்குப் பவர் எழுதவே வேணாம். மூணாவது மாடியில கொசு பறந்தாலே சொல்லிடுவீங்க" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கோட்டின் கையைக் குறைக்கக் கொண்டுவந்தாள். அளவெடுக்கும்போது பார்த்தேன். வலது மேற்கையில் வரிசையாக நான்கு தடம், கத்தரிப்பூ நிறத்தில். பின்பக்கம் ஒன்று, அது கட்டைவிரல். நாடா கையிலேயே இருந்ததால் அளந்தும் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. அந்த வீட்டில் அந்த அளவு விரல் ஒருவருக்குத்தான் உண்டு.

என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பொய் சொல்லியாக வேண்டும், பாவம், எதற்கு அவளைச் சங்கடப்படுத்துவது. டீச்சரிடம் மட்டும் சொன்னேன்.

"டீச்சர், இது உங்களோட இருக்கட்டும். மூணாவது மாடியில கை நீட்டுறாரு."

"யாரு, லிஃப்டா?"

"லிஃப்டேதான்."

"அய்யோ, பூனை மாதிரி இருப்பாரே."

"பூனைக்கு நகம் இல்லையா டீச்சர்?"

வாரம் முடிவதற்குள் அந்தச் செய்தி என்னிடமே திரும்பி வந்தது, அவளுக்கு ஒரு விலா எலும்பும் உடைந்து. எலும்பை நான் உடைக்கவில்லை. கொண்டுவந்தவர்கள் அதோடுதான் கொண்டுவந்தார்கள். நான் வேண்டாமென்று திருப்பி அனுப்பவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவிய அன்று பெண்கள் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு அங்கே போனது. "ஒருநாள் இல்ல ஒருநாள் இவரு அவளை முடிச்சிடுவாரு. நான் சொன்னேன்னு வச்சுக்கோங்க" என்றேன். எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவர் இருக்கும் லிஃப்டில் யாரும் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர், அதாவது ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கையெழுத்துப் போட ஒரு காகிதம் கிடைத்தால் அன்று அவருக்குச் சாப்பாடே வேண்டாம், அவர் ஒரு கடிதம் எழுதி லிஃப்ட் வேலையை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது மாடிக்காரர் கடிதத்தைப் படித்தார், "ம்" என்றார், சாவியைக் கொடுத்துவிட்டு மேலே போனார். காரணம் கேட்கவில்லை. குற்றமில்லாதவர் கேட்டிருப்பார் அல்லவா?

வருடத்துக்கு ஒருமுறை சங்கத்தில் எல்லோருமாக எங்காவது போவோம். இந்த முறை கப்பல். ஆறு நாள். அவர்களும் வந்தார்கள். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். கப்பல் என்றால் மிதக்கிற குடியிருப்பு, மேடம். பதினான்கு மாடி, பன்னிரண்டு லிஃப்ட், நீளநீளமாகக் கம்பளம் விரித்த வராந்தா. நம்மவர் லிஃப்டில் ஏறியதும் கதவு மூடும் சத்தத்துக்குக் காது கொடுப்பார். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் மற்றவர்களைப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள், அடுத்த துறைமுகத்தில் என்னென்ன சுற்றுலா என்று பெயர் கொடுக்கும் மேசைமுன் வரிசையில் நின்றேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். சிரிப்பைக் காணோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். என் கையில இருந்த தடத்தைப் பத்தி டீச்சர்கிட்ட சொன்னது நீங்களா?"

"எந்தத் தடம்மா?"

"வேணாம்க்கா. டீச்சரே சொல்லிட்டாங்க."

"உன் நல்லதுக்குத்தான்மா..."

"கடை ஷட்டர் அறுந்து விழுந்துச்சுக்கா. நான் அதைப் பாதி தூக்கிட்டு, கீழே குனிஞ்சு உள்ளே நுழைஞ்சுட்டு இருந்தேன். விட்டுட்டுப் போன டிபன் பாக்ஸைக் குடுக்க வந்த மனுஷன், கையைப் புடிச்சு இழுத்துட்டாரு. இல்லன்னா தலை தனியா, நான் தனியா. அந்தத் தடம் அது. மூணு வாரம் அதைப் பாத்துப் பாத்து, வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுட்டு இருந்தாருக்கா. பேசாத ஆளு, அதை மட்டும் கேட்டாரு."

வரிசை நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"நாளைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில நம்மாளுங்க எல்லாரும் இருப்பாங்க. நீங்களே சொல்லிடுங்கக்கா, தப்பாப் பாத்துட்டேன்னு. நீங்க சொன்னா உங்களுக்கும் மரியாதை. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அவரு லிஃப்ட்ல ஏறினா குழந்தைங்க இறங்கிடுதுங்க. என்னால பாக்க முடியல."

குரலை உயர்த்தவில்லை. என் கைப்பை தோளிலிருந்து நழுவியபோது அவள்தான் தூக்கி மாட்டிவிட்டாள். அப்படிப்பட்ட பெண்.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் என் வாயிலிருந்து வந்த ஒன்றுகூடப் பொய்யாகப் போனதில்லை. ஒன்று தப்பு என்று நானே எழுந்து நின்று சொன்னால், மீதி எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பிறகு என் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அதோடு, அந்த விரல் அவருடையதுதானே? அதில் என்ன தப்பாகப் பார்த்தேன்? அவர் அவளை முடித்துவிடுவார் என்றேன். அது பொய்யில்லை. அதுவரை நடக்காதது, அவ்வளவுதான்.

மேசைமேல் ஒரு பலகை. மூன்று சுற்றுலா போட்டிருந்தது. பஸ்ஸில் ஊர் சுற்றுவது, பெரிய பூங்கா, ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி. பஸ்ஸில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பூங்காவில் ஒன்றும் நடக்காது, பெஞ்சு இருக்கும். மூன்றாவதற்குக் கீழே பொடி எழுத்தில், காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருந்தது. உயிரிழப்பு என்ற சொல் அந்தப் பலகையில் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. பொடி எழுத்தை நான் எப்போதும் விடுவதில்லை.

"இதுக்கு வயசு அறுபதுக்குள்ள இருக்கணும்மா" என்றாள் மேசைக்காரி.

"அம்பத்தி நாலு."

என் முகத்தைப் பார்த்தாள்.

"தையல் வேலை. குனிஞ்சே இருந்து முகம் இப்படி ஆயிடுச்சு" என்றேன். எழுதிக்கொண்டாள். எனக்கு அறுபத்திரண்டு. இது நான் சொன்ன பொய்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் பக்கம் திரும்பி, "நீ, அவரு, நான், மூணு பேரும் போலாம்மா. ராத்திரி மேசையில பேசறதுக்கு எனக்கும் கொஞ்சம் தைரியம் வரட்டும்" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, எனக்கு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்ததும் செயலாளரும் சேர்ந்துகொண்டார்.

கப்பலில் ஏறும்போது பையைச் சோதித்துக் கத்தரிக்கோலை எடுத்துவைத்துக்கொண்டார்கள். தையல் பிரிக்கும் ரிப்பரை விட்டுவிட்டார்கள். பேனா மாதிரி இருக்கும், மூடி போட்டது. மறுநாள் அது என் சட்டைப் பையில் இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை. ஈர ரப்பர் நாற்றம். லைஃப் ஜாக்கெட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் குவியலாகக் கிடந்தன, ஹெல்மெட்டுகள் ஆணியில். படகோட்டி வெளியே படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் உடைமாற்றப் போனார்கள். "அளவு பாத்து நானே எடுத்து வைக்கறேன், என் தொழிலே அதுதான்" என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜாக்கெட்டில் பக்கிள் பட்டை சேரும் இடத்தில் சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருப்பார்கள். யானையைக் கட்டலாம், அப்படிப்பட்ட தையல். அவளுடையதில் இடப்பக்கம் இரண்டு பட்டையிலும் பெருக்கல் குறியை முழுதாகப் பிரித்தேன். சதுரத்தில் மூன்று பக்கம் பிரித்தேன். ஒரு பக்கம் விட்டேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். பிரித்த நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்த இடத்தில் நூல் சிதறிக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

அவள் வந்ததும் ஜாக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். "தம்பி, நீங்களே மாட்டிவிடுங்க. போட்டோ எடுக்கறேன்" என்றேன். அவர் பக்கிளைப் போட்டு, பட்டையை இழுத்து இறுக்கினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல படம். உங்கள் கோப்பிலும் அது இருக்கும். படகோட்டியும் ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தான். தாங்கியது.

பிறகு அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டினான். துடுப்பின் மேல்நுனியில் சுத்தியல் தலை மாதிரி ஒரு கெட்டிக் கைப்பிடி இருக்கும். "இந்தப் பிடியை மட்டும் விடவே கூடாது. விட்டா பக்கத்துல இருக்கறவங்க பல்லு போயிடும். போன வருஷம் மட்டும் பதினாலு பல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் துடுப்பைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தேன்.

அவர்கள் முன்னால் இரண்டு பக்கமும், நான் அவளுக்குப் பின்னால். எதிரே செயலாளர். எங்களுக்குப் பின்னால் வேறு குழுவிலிருந்து வந்த ஒரு ஜோடி. முதல் இரண்டு சரிவில் ஒன்றும் ஆகவில்லை. அவள் கூவிக்கொண்டே துடுப்புப் போட்டாள். பட்டையும் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சரிவில் படகு ஒரு பாறைமேல் ஏறிக் கவிழ்ந்தது. அதை நான் செய்யவில்லை. செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்ணீர் என்னைப் புரட்டியது. காதுக்குள் லாரி ஓடுவதுபோல் சத்தம். துடுப்பை நான் விடவில்லை. எழுந்து பார்த்தபோது ஒரு பெரிய பாறையின் பின்பக்கம் சுழலில் சுற்றிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பாறைக்கு அந்தப் பக்கம். அவளைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. பட்டை பிய்ந்து அவளுடைய ஜாக்கெட் போய்விட்டிருந்தது. மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். ஆறு பார்த்துக்கொள்ளவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நீந்தத் தெரிந்தவள் என்று யார் கண்டது?

என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து என் மேற்கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல பிடி. காலுக்குத் தரை தட்டியது.

"ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல. மூச்சு விடுங்க. அக்கா, மூச்சு விடுங்க."

மூச்சு விட்டேன். பிறகு அடித்தேன்.

ஹெல்மெட் நெற்றிவரை இருந்ததால் முதல் அடியை மேலுதட்டில் வைத்தேன். பல் போவது கையில் தெரிந்தது, தடித்த துணியில் ஊசி முறிவதுபோல. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். பாறையிலிருந்து கல் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். வாயிலிருந்து ரத்தம் முகவாய் வழியாகத் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு முன்னால் என்னைப் பார்த்தாள். நிதானமாக, எந்த வரிசைவரை படிக்க முடிகிறது என்று கேட்பவள் மாதிரி. அது மூக்கில் விழுந்தது. மூன்றாவது தொண்டையில். அதன் பிறகு அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. ஏழுவரை எண்ணினேன். தையலில் எண்ணிப் பழகிய கை, தானாக எண்ணும்.

பிறகு குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றித் தலையை அழுத்தினேன். இருநூறு எண்ணினேன். கால்கள் நூற்றுப்பத்துவரை உதைத்தன. முடி அவிழ்ந்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அதைப் பொறுமையாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. பிறகு சுழலைத் தாண்டி ஓட்டத்தில் தள்ளிவிட்டேன். லேசாகத்தான் போனாள்.

அதற்கப்புறம் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அதில் நடிப்பில்லை, மேடம். எனக்கு அவளைப் பிடிக்கும் என்று முதலிலேயே சொன்னேன்.

அவர் மூன்று முறை ஆற்றில் குதித்தார். மூன்று முறையும் இழுத்துப் போட்டார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த மனிதருக்கு அவ்வளவு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. "பாத்தீங்களா, ஆத்திரம் வந்தா எப்படிக் கத்தறாரு" என்று செயலாளரிடம் சொன்னேன். செயலாளர் தலையாட்டினார். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சரே ஆரம்பித்தாள். "அக்கா அப்பவே சொன்னாங்க" என்றாள். ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜாக்கெட் இல்லாமல் உடல் கரையொதுங்கியதும் காவல்துறை வந்தது, போட்டோவைப் பார்த்தது, பட்டையை மாட்டியது யார் என்று கேட்டது, அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஊர் திரும்பிய பிறகு என் முன்னறையில் உட்கார இடமில்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்தெல்லாம் நல்ல துணியைக்கூடத் திருத்தக் கொண்டுவந்தார்கள், கதையை என் வாயால் கேட்பதற்காக. ஒருத்தி கேட்டுவிட்டுப் போனதும் இன்னொருத்தி. அப்படி பதினோரு வாரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை.

கெடுத்தது அந்த விலா எலும்பு. எங்கள் குடியிருப்பில் ஏழு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஏழு பேரும் அவர் அவளுடைய விலா எலும்பை உடைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்தது போலவே. உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், இவளுக்கு எந்த எலும்பும் எந்தக் காலத்திலும் முறிந்ததில்லை என்று எழுதிவிட்டார். யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கடை ஷட்டரைச் சரிசெய்தவனும் வந்து சொன்னான். முகத்தில் இருந்த காயத்துக்குப் பாறை என்று எழுதினார்கள். நான்கு நாள் கழித்துக் கிழிந்து கிடைத்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, தையல் இற்றுப்போயிருக்கிறது என்று எழுதினார்கள். இற்றுப்போன நூலுக்கும் பிரித்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை எல்லாம் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். விபத்து என்று போட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். அவரை விட்டுவிட்டார்கள்.

அவர் வந்து இறங்கியபோது பேண்ட் இடுப்பில் மூன்று அங்குலம் தொங்கியது. பிடித்துத் தைக்க என்னிடம் வரவில்லை. டீச்சர் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதாளாம். செயலாளர் இன்னொரு கடிதம் எழுதி லிஃப்ட் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு டீச்சர் என் கதவுக்கு வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் சொன்னாள்.

"உங்க வாயாலதான் அந்த மனுஷன் பதினோரு வாரம் உள்ள கிடந்தாரு. இனிமே என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. என்னைப் பத்தியும் எங்கயும் சொல்லாதீங்க."

இப்போது நான் லிஃப்டுக்குப் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. துணி எல்லாம் இரண்டு தெரு தள்ளி ஒருவரிடம் போகிறது. அங்கே தையல் சுமார்தான். நாற்பது நாளாக ஒரு வீட்டின் ஒரு சேதியும் எனக்குத் தெரியாது, மேடம். இரண்டாவது மாடியில் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் வந்தேன். அது விபத்து அல்ல. அவள் கொல்லப்படுவாள் என்று தொட்டி கழுவிய அன்றே சொன்னேன். கொல்லப்பட்டாள். நான் சொன்னபடி நடந்தது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

எழுதியதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். பிரித்தது, அடித்தது, அழுத்தியது, எல்லாம் சரியாக இருக்கிறது. அதில் எதையும் மாற்ற வேண்டாம், அதெல்லாம் நான்தான். ஆனால் மேலே, குற்றவாளி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு. அவன் ஒரே ஒருநாள் அவள்மேல் கை நீட்டியிருந்தால், நான் எதற்கு ஆற்றில் இறங்குகிறேன்? செய்ய வேண்டியவன் செய்யாமல் விட்டதை எல்லாம் நான் ஒருத்தி இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே அவன் பெயரை எழுதுங்கள், மேடம். என் பெயரைச் சாட்சிகள் பகுதியில் போட்டுக்கொள்ளுங்கள், முதல் சாட்சியாக.